விகுதி விசாரணைக்காரர்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று அது கேட்காது; சொல் எப்படி முடிகிறது என்று மட்டும் கேட்கும். வீடு பற்றி எரிகிறது என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு அதன் எதிரே ஓடிப் பாருங்கள். வாளியைத் தேடுமா? தேடாது. 'பர்னிங்' என்றீர்களே, அந்த 'இங்' எங்கிருந்து வந்தது தெரியுமா என்று உங்கள் சட்டையைப் பிடித்து நிறுத்தும்.

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு வாய்த்தவர் முத்துராமன். காப்புறுதி அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஆள் கெட்டவரல்ல, அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். அவர் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் பாதி வழியிலேயே இறங்கிப் படியேறுகிறார்கள். முழங்கால் வலிக்காரர்கள் உட்பட.

ஐயா, 'இங்' ஒன்றல்ல. செயலைப் பெயராக்கும் இங் பழைய ஆங்கிலத்தில் 'உங்' என்றும் திரிந்தது. நடந்துகொண்டிருக்கும் வினைக்கு 'எண்டெ' என்று வேறொரு விகுதி இருந்தது. காலப்போக்கில் இரண்டும் ஒரே உருவாகிவிட்டன. இவை போதாதென்று, 'இன்னாரைச் சேர்ந்தவர்' என்று காட்டும் இன்னோர் இங் உண்டு, அது 'கிங்'கிலேயே உட்கார்ந்திருக்கிறது. எனக்கு எப்படி இவ்வளவும் தெரியும் என்கிறீர்களா? லிஃப்ட் பழுதாகி நின்ற நாளில் உள்ளே நாங்கள் இருவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் புதிதாகக் குடிவந்த யும்னா. அவருடைய தகப்பனார் அப்துல் மஜீதுக்கு ஞாபகம் தப்பிப்போய்க்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்த நேரம் பார்த்து மனிதர் கிளம்பிவிட்டார்.

"மை ஃபாதர் மிஸ்ஸிங். ஹி வேரிங் புளூ ஷர்ட். பிளீஸ் ஹெல்ப்." கூடவே ஒரு படம்.

சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள். பூங்கா, ஈரச்சந்தை, பள்ளிவாசல், எம்ஆர்டி ரயில் நிலையம் எல்லாம் தேடினார்கள். முத்துராமனும் உதவினார். 'இஸ்' விட்டுப்போனதைக் குறிப்பிட்டு, 'இஸ் வேரிங்' என்று திருத்தி அனுப்பினார். பிறகு 'மிஸ்ஸிங்' பற்றி ஒரு நீண்ட பத்தி. படத்தை அவர் பார்க்கவில்லை. படத்தில் விகுதி கிடையாதே.

"அங்கிள், பிளீஸ் லா, இப்ப வேணாம்" என்று யும்னா கெஞ்சினார். முத்துராமனுக்கு ரோசம் வந்துவிட்டது. அப்போது அவர் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தார். அங்கே அவருக்கு வராது வந்த மாமணியாக ஒருவர் வாய்த்திருந்தார்: எதிரே உட்கார்ந்து, எழுந்து ஓடாமல், சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். அவரோடு சேர்ந்து ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டார். "இந்தப் பெரியவருக்கு இருக்கும் பொறுமை உங்களில் ஒருவருக்காவது உண்டா?"

பெரியவர் நீலச் சட்டை போட்டிருந்தார்.

அடுத்த நொடி தொலைபேசி அலறியது.

"அங்கிள்! அது எங்க அத்தா! எந்தக் கடைன்னு சொல்லுங்க, அவரை விட்டுடாதீங்க, டாக்ஸில வர்றேன்!"

"பதறாதேம்மா, அவர் எங்கயும் போகமாட்டார். ரொம்ப ஆர்வமா கேட்டுக்கிட்டு இருக்கார்."

ஒரு காலத்தில் மஜீதுக்கு அந்தச் சாலையில் துணிக்கடை இருந்தது. ஊரெல்லாம் மறந்தாலும் கால் அந்த வழியை மறக்கவில்லை. காலையிலிருந்து எதிரே உட்கார்ந்திருந்த அவரிடம், 'இன்னாரைச் சேர்ந்தவர்' என்று காட்டும் அந்த இங்கைக்கூட முத்துராமன் விளக்கி முடித்திருந்தார். நீங்கள் யாரைச் சேர்ந்தவர் என்று மட்டும் கேட்கவில்லை.

யும்னா வந்ததும் தகப்பனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அத்தாவுக்கு சுகர் இருக்கு அங்கிள். ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"கேக்கலியேம்மா" என்றார் முத்துராமன். மேசையில் அவருடைய தேநீர்க் கிளாஸ் மட்டும் இருந்தது.

எனக்குச் சிரிப்பு நின்றுபோன இடம் அது. அவருக்கு ஒன்றும் நிற்கவில்லை. மாலையில் யும்னா, பெரிய மனசுக்காரி, "தேங்க்யூ ஃபார் ஃபைண்டிங் மை ஃபாதர்" என்று எழுதினார். உடனே பதில் வந்தது: இந்த 'ஃபைண்டிங்' வினை போலத் தெரிந்தாலும் பெயரின் வேலையைச் செய்கிறது, கவனிக்க.

சிரிக்கிறீர்கள். நல்லது, நீங்கள் அந்த இனமில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இவ்வளவு தூரம் படித்ததில் எங்கோ ஓர் ஒற்று மிகவில்லை, எங்கோ ஒரு சந்தி பிசகிவிட்டது என்று உங்கள் விரல் ஓரிடத்தில் நின்றதே, நான் பார்த்தேன். எனக்கு எழுதப் போகிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். அந்தப் பெரியவர் அப்புறமாவது சாப்பிட்டாரா என்று அதில் ஒரு வரி இருக்குமா?