பெண் பார்க்கப் போன அன்று தின்ற காசி உருண்டை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். பேனாவை எடுப்பேன். சுவரில் இருக்கும் நரசிம்மர் படத்தைப் பார்ப்பேன். மூடி வைத்துவிடுவேன். பத்தாவதோடு படிப்பை விட்டு, சிங்கப்பெருமாள் கோயிலில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவன் கஞ்சாவைப் பற்றி எழுதினால் கற்பூரம் வாங்க யார் வருவார்கள்? ஆனாலும் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. புது மனிதர்கள் எதிரே உட்கார்ந்தால் கை நடுங்கும். தொண்ணூறுகளில் பெண் பார்க்கப் போன முதல் வீட்டில் காபியை என் மேலேயே கொட்டிக்கொண்டேன். அடுத்த வீட்டில் பெண்ணின் தகப்பனார் மேல் கொட்டினேன். (முன்னேற்றம்தான்.) இனி ஒரு வீடு கெட்டால் தரகர் நம் வாசலை மிதிக்க மாட்டார் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அந்த வீடு மாமல்லபுரத்தில் அமைந்தது. அப்போதுதான் மாமா காசி யாத்திரையிலிருந்து திரும்பியிருந்தார். கங்கைச் செம்போடு, எலுமிச்சம்பழ அளவில் பச்சையாக ஓர் உருண்டையும் கொடுத்தார்.

"அங்க சிவராத்திரிக்கு எல்லாரும் துன்றாங்கடா. சாமி பிரசாதம். ஒரு கிள்ளு வாயில போட்டுக்க, பயமெல்லாம் ஓடிடும்."

பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுப் பழகிய கை. எதில் செய்தது என்று கேட்பதே பாவம் என்று வளர்ந்தவன் நான். காலையில் ஒரு கிள்ளு போட்டுக்கொண்டு அம்மாவோடு பஸ் ஏறினேன்.

செங்கல்பட்டு தாண்டும்வரை ஒன்றுமில்லை. திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தபோது நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று மெதுவாக இறங்கிப் போனது. புளியமரங்கள் அவசரமில்லாமல் நடந்து வந்தன. கண்டக்டரின் விசில் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக என் கை என் மடியில் சும்மா கிடந்தது. கண் கலங்கிவிட்டது. ஒரு கிள்ளுக்கே இவ்வளவு அருளா? பிரசாதத்தை மீதி வைக்கவும் கூடாதே. சட்டைப் பையில் இருந்த உருண்டை முழுசையும் விழுங்கினேன்.

பெண் வீடு கடலைப் பார்த்த வீடு. அவள் அப்பா வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு சின்ன லாட்ஜில் மேனேஜர். பஜ்ஜி வந்தது. பெண் வந்தாள். காபி வந்தது, கொட்டவில்லை. அம்மாவின் முகத்தில் வெளிச்சம். அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே ஓர் அலை எழுந்து, கரைக்கு வராமல் அப்படியே நின்றது. மின்விசிறி சுற்றுவதை விட்டு என்னைப் பார்த்தது. நெஞ்சு தவில் மாதிரி அடித்தது. தரை மேலே மிதந்து போவதாகத் தோன்றவே, குப்புறப் படுத்து அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, நான் செத்துட்டேன். கடையைப் பூட்டினேனான்னு பாரு."

பெண்ணின் அப்பா குனிந்து என் கண்ணைப் பார்த்தார். "இன்னா துன்ன நீ?"

"பிரசாதம்."

"நல்ல பிரசாதம். எங்க லாட்ஜில வெள்ளைக்காரங்க இப்டிதான் தரையைப் புடிச்சிகினு கிடப்பாங்க. யம்மா, உம் புள்ளைய எழுப்பி இட்டுகினு போ. கஞ்சாக்காரனுக்குப் பொண்ணு குடுக்கற அளவுக்கு நான் கெட்டுப் போவல."

அம்மா அழுதாள். எல்லாம் முடிந்தது என்று தரையிலிருந்தே எனக்குப் புரிந்தது. அப்போது அந்தப் பெண் பேசினாள்.

"ஏம்பா, பழக்கம் கீறவரு இவ்ளோ பயப்படுவாரா? லாட்ஜில தினமும் இழுக்கறவங்க சிரிச்சிகினுதானே திரியறாங்க. இவரு இன்னான்னே தெரியாம துன்னுட்டு வந்துகீறாரு, பாவம்."

அவர் யோசித்தார். என் பயம்தான் எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் ஆனது.

அவள் ஒரு செம்பு மோரைத் தலைமாட்டில் வைத்தாள். "சாவல்லாம் மாட்டீங்க. தானா இறங்கிடும். அலையை மட்டும் பாருங்க."

பார்த்தேன். நின்றிருந்த அலை மெதுவாகக் கரைக்கு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. சாயங்காலம்வரை வந்துகொண்டே இருந்தன. தை மாதம் கல்யாணம்.

பல வருஷம் கழித்து, சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் டாக்டரிடம் கேட்டேன். பயத்தைத் தணிக்க மூளையே தனக்குள் ஒரு பொருளை உண்டாக்கிக்கொள்கிறதாம். கஞ்சாவில் உள்ள போதைப்பொருள் அதைப் போல வேஷம் போட்டு உள்ளே நுழைகிறதாம். கொஞ்சமாக வந்தால் சிலருக்குப் பதற்றம் அடங்கும்; அளவு மீறினால் அதே பொருள் பயத்தைக் கிளப்பிவிடும். "சாப்பிட்டா மெதுவாதான் ஏறும். ஏறலையேன்னு மறுபடி சாப்பிடறவங்கதான் மாட்டிப்பாங்க" என்றார். அதே செடியில் போதை தராத இன்னொரு பொருளும் உண்டாம். பதற்றத்துக்கு அது உதவுமா என்று ஆராய்கிறார்களாம். (என் மேல் ஆராய வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.)

இன்றும் எந்தக் கோயில் பிரசாதம் வந்தாலும் என் மனைவி எனக்கு ஒரு கிள்ளுதான் தருகிறாள். சர்க்கரைப் பொங்கலானாலும் அவ்வளவுதான்.

எழுதிய காரணம் இது. என் மச்சான் ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்தக் கதையைச் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் உருண்டை கொஞ்சம் பெரிதாகிறது. போன தீபாவளிக்குத் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. அதனால் படிப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: நாலு பேருக்குத் தாராளமாகச் சொல்லுங்கள். நான் தரையைப் பிடித்துக் கிடந்ததைக் குறைக்க வேண்டாம். உருண்டையைக் கூட்டவும் வேண்டாம். எலுமிச்சம்பழ அளவுதான். நரசிம்மர் சாட்சி.