நுரை அண்ணாச்சியின் பன்றிமுடி பிரஷ்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட விஷயமென்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள். எங்கள் மனு இரண்டாவது வகை என்பதில் நுரை அண்ணாச்சிக்குச் சந்தேகமே இல்லை. ஒரு ஷேவிங் பிரஷைப் பற்றிய மனு எப்படி அதில் சேரும் என்று கேட்டேன்.

"பிடிச்சு உள்ள போட்டா சுதந்திரம் போச்சுல்லா சார்? அந்த அதிர்ச்சியில உயிரும் போயிரும். ரெண்டும் சேந்துதான வருது?"

தென்காசியில் அவரைப்போலப் பயந்தவரும் கிடையாது, அவரைப்போல மழமழவென்று சவரம் செய்தவரும் கிடையாது. இரண்டும் ஒரே விஷயம்தான். பிளேடு கிழித்தால் புண் வரும், புண் புரையோடும் என்பது அவர் கணக்கு. "கால்ல புரையோடுனா காலை எடுப்பாங்க. மூஞ்சியில ஓடுனா எதை சார் எடுப்பாங்க?" ஆகவே பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்கு நுரை இருக்க வேண்டும். தினமும் காலையில் அரை மணி நேரம் அவர் வீட்டு ஜன்னலில் இரண்டு கண்களும் ஒரு நுரைக் குவியலும் தெரியும். எதிர்ஜன்னல்காரனான நான் அவர் முகத்தைவிட அந்தக் குவியலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள் கொல்லத்தில் இருந்தாள். குற்றாலம் கூப்பிடு தூரம். ஆனால் அருவியில் அவர் ஒரே ஒரு தடவைதான் குளித்தார், அதுவும் என் வற்புறுத்தலால். மேலேயிருந்து கல் விழும் என்று மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, கோவணத்தோடு அருவிக்குள் போனார். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் விசிலை வாயில் வைத்தவர், ஊத மறந்துபோய் அப்படியே நின்றார். ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் நிறைந்து அண்ணாச்சிக்கு மூச்சுத் திணறியது. "பாத்தியளா, நான் சொன்னேம்லா? அருவி ஆபத்து" என்றார் வெளியே வந்து.

பழைய நைலான் பிரஷ் முடி கொட்டிப்போனதும், பன்றிமுடி பிரஷ் வாங்க வேண்டுமென்று என்னைச் செங்கோட்டைக்குக் கூட்டிப் போனார். "நைலான் நுரையைத் தடவத்தான் செய்யும் சார். பன்னி முடி விறைப்பு. தாடி முடியைத் தூக்கி நிறுத்திக் கொடுக்கும். பிளேடு ஒரு இழுப்புல போயிரும்."

கடையில் பதினோரு பிரஷ்களை எடுத்து வைத்தார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு முடியை உருவித் தீக்குச்சியில் காட்டினார். உருகி மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக். கருகி நாறினால் முடி. நாறிய ஐந்தையும் தனியே வைத்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அசல் முடி நுனியில் இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்திருக்கும். மழுக்கமாக வெட்டியிருந்தால் கன்னத்தைப் பிராண்டும். பிறகு உள்ளங்கையில் அழுத்தி, எத்தனை முடி உதிர்கிறது, எவ்வளவு வேகத்தில் நிமிர்கிறது என்று பார்த்தார். கடைக்காரர் கேரளத்துப் பக்கம் பெண் எடுத்தவர். "அண்ணாச்சி, பெண்ணு காணப் போனப்போகூட நான் இத்தனை நோக்கலை கேட்டியளா" என்றார்.

"அது உங்களுக்கு வாச்சது நல்ல மனுஷி. இது கழுத்துல நடமாடப்போற சாமானுல்லா" என்றார் அண்ணாச்சி.

புது பிரஷை முதல் தடவை நனைத்த அன்று தெரு முழுக்கப் பன்றித் தொழுவ நாற்றம். பத்து நாள் வெறுமனே உள்ளங்கையில் சோப்பு நுரை அடித்து அடித்துக் கழுவினார். நாற்றம் போயிற்று, முடியும் பழகி மெத்தென்றானது. அதற்குப் பிறகு ஒழுங்குமுறை. ஒரு காப்பி குடிக்கிற நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வேண்டும். சுடுதண்ணீர் ஆகாது, அடியில் இருக்கும் பசை இளகும். கன்னத்தில் அழுத்தித் தேய்க்கக் கூடாது, சுழற்ற வேண்டும். முடித்ததும் சோப்பு அடியில் தங்காமல் அலசி, முறுக்காமல் பிழிந்து, மூன்று உதறு உதறி, தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். முப்பத்துநாலு வருடம் வருவாய்த் துறையில் இருந்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான அரசாணையை நான் பார்த்ததில்லை.

சிக்கல், சாரல் காலத்தில்தான். ஆனி, ஆடியில் எங்கள் ஊரில் ஜட்டியே மூன்று நாளைக்குக் காயாது. காயாத பிரஷில் பூஞ்சை வரும், பூஞ்சை தோலுக்குப் போகும், மறுபடியும் எதை எடுப்பார்கள் என்ற பழைய கேள்வி. அண்ணாச்சி யோசித்தார். தென்காசியில் தூறும்போது சுரண்டையில் வெயில் அடிக்கும். அதனால் வாரம் இரண்டு நாள் பிரஷைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுரண்டை பஸ் ஏறினார். அங்கே பஸ் ஸ்டாண்டில் வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பிரஷைப் பிடித்துக்கொண்டிருப்பார். காய்ந்ததும் அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புவார். "என்ன அண்ணாச்சி, வைத்தியமா?" என்று கேட்டவர்களிடம் "ஆமா" என்று மட்டும் சொல்வாராம்.

தப்பு என்னுடையது. மலையடிவாரத்து வயல்களில் காட்டுப்பன்றி இறங்கியதாக ஒரு காலையில் பேப்பரில் வந்திருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணாச்சி, காட்டு விலங்கு உடம்பிலிருந்து எடுத்த பொருளை அனுமதியில்லாம வச்சிருந்தா குற்றம். உங்க பிரஷு நாட்டுப்பன்றியா, காட்டுப்பன்றியா? ரசீது இருக்கா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

நுரைக்குமேல் இருந்த இரண்டு கண்களும் அப்படியே நின்றுவிட்டன. பிறகு பிரஷின் கைப்பிடியைத் திருப்பிக் காட்டினார். அதில் கோரைப்பல் இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பன்றியின் படம்.

"நாட்டுப்பன்னிக்கு இந்தப் பல்லு கிடையாதே சார்."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை. பிரஷ் அரிசி டின்னுக்குள் போனது. கதவைச் சாத்திக்கொண்டு சவரம் நடந்தது. தபால்காரரின் காக்கிச் சட்டையைக் கண்டாலே அண்ணாச்சி கொல்லைப்பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து, தனியாக இருக்க வேண்டாம், ஒரேயடியாக இங்கே வந்துவிடுங்கள் என்று கொல்லத்திலிருந்து மகள் பிடிவாதம் பிடித்தாள். கொல்லம் போக வேண்டுமென்றால் கேரள எல்லையில் இருக்கும் புளியறை செக்போஸ்டைத் தாண்டியாக வேண்டும்.

"பிரஷோட மாட்டுனா நானும் போச்சு, பிரஷும் போச்சு. விட்டுட்டுப் போனா அங்கன எதை வச்சு சார் செரைப்பேன்? இது பழகுன பிரஷுல்லா? ஃபாரஸ்ட் ஆபீஸ்லேருந்து எழுத்துல ஒரு வார்த்தை வாங்கிக் கொடுங்க. அதைச் சட்டைப் பையில வச்சிக்கிட்டுத் தைரியமாத் தாண்டிருவேன்."

எழுதினேன். கருத்துக் கேட்டால் தகவல் அல்ல என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள் என்பதால், பன்றிமுடி சவர பிரஷ் வைத்திருந்ததற்காக இதுவரை யார் மீதாவது நடவடிக்கை உண்டா, உண்டெனில் நகல் தருக என்று கேட்டேன். கையெழுத்துப் போடச் சொன்னபோது அண்ணாச்சி பேனாவை வாங்கவில்லை.

"பேரும் விலாசமும் கொடுக்கணுமா? வீட்டுக்கு வழி நாமளே சொல்லுத மாதிரில்லா இருக்கு?"

சரி என்று என் பெயரையும் என் விலாசத்தையும் எழுதி அனுப்பினேன். அன்றிலிருந்து அவருடைய பயம் இடம் மாறியது. எனக்காகப் பயப்பட ஆரம்பித்தார். தினமும் காலை ஆறு மணிக்கு ஜன்னலில் வந்து, "இருக்கியளா?" என்பார். ஒரு நாள் துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே ஒரு வேட்டி, துண்டு, பல்பொடி. "திடீர்னு கூட்டிட்டுப் போனா மாத்துத் துணி வேணும்லா?"

இருபத்திரண்டாம் நாள் காலை, என் வாசலில் வண்டியை நிறுத்தி ஒருவர் இறங்கினார். வனத்துறைச் சீருடை. "மனு போட்டது நீங்கதான?" என்றார்.

ஆயிரம் மனுக்களைப் பார்த்தவன் நான். சட்டம் தெரியும், மேல்முறையீடு தெரியும். ஆனால் அந்த நிமிடம் என் கண் தானாக அந்தத் துணிப்பையைத் தேடியது.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. பாதி முகத்தில் நுரையோடு, பனியனோடு, பிரஷை உயரத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி தெருவைத் தாண்டி ஓடிவந்தார்.

"அவரை விட்டுருங்க! பிரஷு என்னோடது! எல்லாம் என் முடிதான்... பன்னி முடி! அவரு எழுத மட்டுந்தான் செஞ்சாரு!"

சீருடைக்காரர் ஒரு எட்டு பின்வாங்கினார். "அண்ணாச்சி, நான் குரங்கு பிடிக்கச் சொல்லி வந்த மனுவுக்கு வந்தேன். நாலாம் நம்பர் வீடு இதுதான?"

"அது அடுத்த வீடு" என்றேன்.

அவர் பிரஷை வாங்கிப் பார்த்தார். தன் கன்னத்தில் ஒரு தடவு தடவினார். "இது வளக்குத பன்னி முடி அண்ணாச்சி. இதுக்குப் போயி யாரு பிடிப்பா? நல்லாத்தான் இருக்கு, எங்கன வாங்குனிய?" என்றார். அண்ணாச்சி தீக்குச்சிச் சோதனையிலிருந்து ஆரம்பித்துச் சுரண்டை வரைக்கும் சொல்லி முடித்தார். அந்த நேரத்தில் அடுத்த வீட்டுக் குரங்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய்விட்டது.

சீருடைக்காரர் போன பிறகு, "இப்பவாவது பயம் போச்சா?" என்று கேட்டேன்.

"வாயால சொன்னா செல்லுமா சார்? நீங்கதான சொல்லுவிய, எழுத்துல இல்லாதது இல்லவே இல்லைன்னு?"

முப்பது நாள் ஆயிற்று. பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்கும் பதில் இல்லை. மகள் கார் அனுப்பினாள். கிளம்புகிற அன்று அண்ணாச்சி பிரஷை என் ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். "பதில் வந்ததும் ரெண்டையும் சேத்துக் கொண்டாங்க சார். அதுவரைக்கும்..." என்று வெயிலில் காயவைக்கச் சொல்லிக் கிழக்கே சுரண்டைத் திசையைக் காட்டினார். புளியறை தாண்டும் வரையில் கண்ணை மூடிக்கொண்டே போனாராம்.

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறு மணிக்குக் கொல்லத்திலிருந்து போன் வரும். "இருக்கியளா?" என்பார். இருக்கிறேன் என்பேன். பிரஷ் காய்ந்ததா, முடி உதிர்கிறதா, பதில் வந்ததா என்று வரிசையாகக் கேட்பார். எனக்கும் வீட்டில் வேறு யாரும் இல்லை. அந்தக் கேள்விகளைக் கேட்க வேறு ஆளும் இல்லை.

பதில் ஒரு வியாழக்கிழமை வந்தது. நான் வீட்டில் இல்லை. சுரண்டை பஸ் ஸ்டாண்டில் வெயில் விழும் இடமாகப் பார்த்து, பிரஷைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து உறையைப் பிரித்தேன். அப்படி யார் மீதும் எந்த நடவடிக்கையும் இல்லை என்று இரண்டு வரி, முத்திரையோடு. இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புளியறையை நூறு தடவை தாண்டலாம்.

மறுநாள் ஆறு மணிக்குப் போன் அடித்தது. "பதில் வந்துட்டா சார்?"

முப்பத்துநாலு வருடப் பணியில் ஒரு காகிதத்தைக்கூட நான் அமுக்கி வைத்ததில்லை. "இன்னும் இல்லை அண்ணாச்சி" என்றேன்.

"அவசரமில்ல சார். நாளைக்குக் கூப்பிடுதேன்."

கோப்பில் சரியாகவே குறித்து வைத்திருக்கிறேன். பதில் வந்த தேதி: ஆகஸ்ட் ஏழு.