மஞ்சள் வயிற்று விசிறிவாலி

தெரியாத பறவையைத் தெரியாது என்று சொல்லும் துணிச்சல் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அதைக் கொடுத்தது ஒரு அண்டா.

கல்யாணமான புதிது. ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுப் பக்கம் மாமனார் ஊரில் திருவிழா. கடைசி நாள் மஞ்சள் நீராட்டில் மச்சினிச்சிகள் என்னைத் துரத்தித் துரத்தி நனைத்தார்கள். (புது மாப்பிள்ளை என்றால் இரண்டு குடம் கூடுதல்.) மறுநாள் காலை, மாற்றச் சோம்பல்பட்டு அதே சட்டையோடு, பைனாகுலரை மாட்டிக்கொண்டு காட்டோரம் போனேன்.

பலா மரத்தில் ஒரு குட்டிப் பறவை. வாலை விசிறிபோல விரித்துத் துள்ளி, பறக்கிற பூச்சிகளைப் பிடித்தது. விசிறிவாலி என்பது வரைக்கும் எனக்கே தெரியும். ஆனால் நம் ஊர் விசிறிவாலிக்கு வயிறு வெள்ளை. இதற்கு மஞ்சள்! கையேட்டைப் புரட்டினேன். மஞ்சள் வயிற்று விசிறிவாலி, இமயமலைப் பறவை என்று போட்டிருந்தது.

எங்கள் பறவையாளர் வாட்ஸ்அப் குழுவில் முந்நூறு பேர். முந்தின மாதம்தான் பனைமரத்தில் கட்டியிருந்த பானையை ஆந்தை என்று படம் போட்டு, 'பானை சார்' என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைத் துடைக்க ஆண்டவனே அனுப்பிய பறவை! 'ஜவ்வாது மலையில் இமயமலைப் பறவை. கண்டது நான்' என்று எழுதி, பைனாகுலர் வழியாகப் போனில் எடுத்த படத்தோடு அனுப்பினேன். போகவில்லை. சிக்னல் இல்லை. பாறைமேல் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி செல்வி தேடி வந்துவிட்டாள்.

"இன்னாங்க, களி ஆறுது. பாறை மேல இன்னா பண்றீங்க?"

படத்தைக் காட்டினேன். "இமயமலையிலருந்து வந்திருக்குது செல்வி!"

"இதா? தெனம் நம்ம மாட்டு முதுகுல குந்திகினு ஈ புடிச்சுத் துன்றதுங்க."

"வயித்தப் பாரு, மஞ்சளு!"

"நேத்து மீந்த மஞ்சத்தண்ணி அண்டாவுல கெடக்குது. காலைலருந்து அதுலதான் முங்கி முங்கிக் குளிக்குது." என் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களுந்தான் மஞ்சளா இருக்கீங்க. நீங்க எந்த மலைங்க?"

அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு கோடு சிக்னல் எட்டிப் பார்த்தது. பதறியடித்து அழித்தேன். நல்லவேளை, செய்தி போயிருக்கவில்லை! அப்பாடா என்று பாறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிக்னல் தராத புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

முந்நூறு பேரிடம் தப்பித்தேன், மாமனார் வீட்டில் தப்பவில்லை. இன்றைக்கும் மஞ்சள் நீராட்டு முடிந்து நனைந்துபோய் வாசலுக்கு வந்தால், மாமனார் சிரிக்காமல் கேட்பார்:

"வாங்க மாப்ள. இமயமலையில எல்லாரும் சௌக்கியமா?"