ஆள் சேர்ந்தால்தான் வெளிச்சம்

கிருமிகளின் பக்கம் நின்று மனிதர்களோடு சண்டை பிடித்த ஒரே ஆள், நானறிய, 'கிருமி அண்ணன்'தான். மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒப்பந்த உதவியாளர். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறவர்களைச் செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரிப் பார்ப்பார். நான் அங்கே எழுதுவினைஞன். எந்த வேலையையும் இன்னொருவர் தொடங்கும்வரை காத்திருப்பதில் எனக்கு நீண்ட அனுபவம்.

ஒளிரும் கிருமிகளைச் சந்தையில் வாங்கிய கணவாய் மீனிலிருந்து எடுத்து அவர் போத்தலில் வளர்த்தார். அவை தனியே நின்று ஒளிர்வதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொருளைத் தண்ணீரில் கசியவிடும். அது செறிந்ததும், பக்கத்தில் ஆட்கள் உண்டென்று விளங்கி எல்லாம் சேர்ந்து ஒளிரும். சில கள்ளக் கிருமிகள் ஒன்றுமே கொடுக்காமல் கூட்டத்தோடு பிழைத்துக்கொள்ளுமாம். இதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்ப்பார். கூட்டம் நின்ற தண்ணீரை வடித்து, ஆள் குறைந்த போத்தலில் ஊற்றினால் அங்குள்ளவையும் நம்பி ஒளிரும் என்று செய்தும் காட்டினார்.

புதிய பணிப்பாளர் வந்த அன்றே அண்ணன் அவரை இருட்டறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அரை மணித்தியாலம் ஒன்றும் ஒளிரவில்லை.

"இன்னும் ஆள் சேரல்ல சேர், ஒள்ளுப்பம் பொறுங்க" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்டது.

வியர்த்து வெளியே வந்த பணிப்பாளர், அண்ணனின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு சரி என்றார்.

அவரை வைத்துக்கொள்ளும்படி கேட்டு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். மூன்று நாள் மேசை மேசையாகப் போய், ஒரு கையெழுத்தும் இல்லாமல் வெறுமையாகவே திரும்பியது. மற்றவர்கள் போட்டால் போடுவார்களாம். எங்கள் பதினொரு பேருக்கும் அவரைப் பிடிக்கும்; அது பதினொரு பேருக்கும் தெரியாது.

அண்ணனிடம் சொன்னேன். "அதுகளும் அப்பிடித்தான் தம்பி" என்று, போவது தன் வேலை என்பதையே மறந்து பூரித்துப்போனார்.

நாலாம் நாள் நான் கையெழுத்திட்டேன். பிறகு ஒவ்வொரு மேசையிலும் குனிந்து, மற்ற எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி என்றேன். பத்துப் பேரிடமும் ஒரே பொய். மத்தியானத்துக்குள் தாள் நிறைந்தது. பணிப்பாளர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இன்னும் ஒரு வருஷம் கொடுத்தார்.

விஷயம் அண்ணனின் காதுக்கு எட்டியது. என் மேசைக்கு வந்து நின்றார்.

"அவங்களிட்ட எல்லாரும் ஓமெண்டிட்டாங்கண்டு சொன்னீங்களாம். நீங்க முதல் ஆளாக் கையெழுத்துப் போட்ட நேரம் உங்களிட்ட ஆரு தம்பி சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல, அண்ணன்."