அடிமதகுத் தண்ணீர்

எந்த வரைபடத்திலும் அகப்படாத குளிர்நாட்டில், ஊருக்கு நடுவே ஒரு பேரேரி இருந்தது. அது சுடுகிறதா, குளிர்கிறதா என்று சொல்லும் உரிமை மன்னர் ஒருவருக்கே உண்டு. சித்திரை முதல் நாளில் ஒரு வெண்கலக் குடத்தில் கல்லைக் கட்டி, ஏரியின் அடியாழம்வரை இறக்கி நீர் மொள்வார்கள். மன்னர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "குளிர்ச்சி!" என்பார். அந்த ஆண்டு முழுவதும் ஏரி குளிர்ச்சி. சட்டம் அப்படி.

வெயிலோ ஆண்டுக்காண்டு ஏறிக்கொண்டே போனது. பகலெல்லாம் வாங்கிய சூட்டை, விடிந்த பிறகும் ஏரி விடவில்லை. மேல்தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. வலை வீசிப் பிழைக்கும் செம்பாயி இதைச் சொல்ல அரசவைக்கு வந்தாள்.

"ராசா, மேத்தண்ணி கஞ்சி மாதிரி சுடுது. மீனெல்லாம் அடியில போயி ஒண்டிக் கெடக்கு. அந்தக் குளுந்த தண்ணியில மட்டும் கை வச்சிராதீங்க. அதுவும் போச்சுன்னா ஒரு மீனு மிஞ்சாது. எங்க தெருவே பட்டினி கெடக்கணும்."

நீர்வள அமைச்சர் வாகைமாறனார் தொண்டையைச் செருமினார். "அம்மையே, அடியில் குளிர்ந்த நீர் இருப்பதைத் தாங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஆகவே ஏரி குளிர்ச்சி என்பது எதிர்த்தரப்பும் ஏற்ற உண்மை. குறித்துக்கொள்ளுங்கள்!"

அன்றே ஆணை பிறந்தது. ஏரி சுடுகிறது என்பவருக்குக் காய்ச்சல் என்று பொருள்; அவரை ஏழு நாள் மருத்துவச்சாலையில் படுக்க வைக்க வேண்டும். செம்பாயியைத்தான் முதலில் படுக்க வைத்தார்கள். வேளைக்கு ஒரு குவளை கசாயம், கொதிக்கக் கொதிக்க.

அவள் வெளியே வந்தபோது தேர்தல் வந்திருந்தது. குளிர்நாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். "வீட்டுக்கு நாலு குடம் குளிர்நீர், தினந்தோறும், விலையில்லாமல்!" என்றார் மன்னர். அடியில் கிடந்த குளிர்நீரை எடுக்க ஏரியின் அடிமதகைத் திறந்தார்கள். எதிர்த்து நின்றவர் எட்டுக் குடம் என்றார். மன்னர் பதினாறு என்றார். மதகை இடித்து அகலமாக்கினார்கள்.

செம்பாயி வீடு வீடாக ஓடினாள். "மதகை மூடச் சொல்லுங்க! மீனுக்கு அது ஒண்ணுதான் எடம்!"

"ஒரு வாய் குளுந்த தண்ணி குடிச்சா உனக்கு ஏன் வயித்தெரிச்சல்?" என்று கேட்டார்கள். அந்த வெயிலில் அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. குடத்தில் மன்னர் படம் வேறு சிரித்துக்கொண்டிருந்தது.

மன்னரே வென்றார். மறுநாள் காலையில் ஏரி வெள்ளையாகக் கிடந்தது. ஒருகணம் நுரை என்று நினைத்தார்கள். மீன்! கரையிலிருந்து எதிர்க்கரைவரை வயிற்றைக் காட்டி மிதந்த மீன். முழங்கை நீளக் கெண்டைகளும், கண் மட்டும் தெரியும் குஞ்சுகளும். ஒன்றுகூட, ஒன்றே ஒன்றுகூட உயிரோடில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கிய செம்பாயிக்கு அழுகையே வரவில்லை. கால் மட்டும் சுட்டது.

வாகைமாறனார் பல்லக்கில் வந்து, மூக்கைப் பொத்தியபடி அறிவித்தார். "வாக்களித்த பெருமக்களுக்கு மன்னரின் முதல் பரிசு! வீட்டுக்கு இரண்டு கூடை மீன், விலையில்லாமல். வரிசையில் வரவும்."

இப்போதாவது யாராவது கல்லை எடுப்பார்கள் என்று செம்பாயி திரும்பிப் பார்த்தாள். வரிசை ஊர் எல்லையைத் தாண்டியிருந்தது. அதன் முன்பகுதியில், இரண்டு கூடைகளோடு, அவள் புருஷன் கொம்பையா நின்றிருந்தான். இருபது வருஷமாக அவளோடு அதே ஏரியில் வலை இழுத்தவன்.

"அழுகறதுக்குள்ள வாங்கிரணும் புள்ள. நீயும் வந்து நில்லு."

"நாளைக்கி?" என்றாள்.

"நாளைக்கி வேற ஏதாச்சும் குடுக்காமயா போயிருவாங்க?" என்று சொல்லிவிட்டு, அவன் கூடையோடு ஓரடி முன்னே நகர்ந்தான்.