கால் படாத கல்

"ஹரிஷா, உனக்கு என்னவாக வர விருப்பம்?" என்று வகுப்பாசிரியை ஒருநாள் கேட்டார். அவள் இரண்டு வாரம் யோசித்தாள். 'டைல்ஸ் ஒட்டும் வேலை' என்ற பதில் கிடைத்தபோது பள்ளிக்கூடத்தையே விட்டிருந்தாள்.

இன்று பத்து மணிக்கு, அந்த வேலையைப் பழகுவதற்காக சுவிஸின் வின்டர்தூர் நகரில் ஒரு கம்பனியில் நேர்முகம். இது நான்காவது. முந்தைய மூன்றிலும் அவள் வாயே திறக்கவில்லை. இதுவும் போனால் அப்பா வேலை செய்யும் உணவகத்தில் கோப்பை கழுவத்தான் போகவேண்டும்.

ஒன்பதரை மணிக்கு அவள் ஒரு கல்லைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

அப்பா சிறீதரன் வாங்கிய பழைய வீட்டின் கூடத்தில் விறகெரித்துக் குளிர்காயும் கணப்படுப்பு ஒன்று இருந்தது. அதற்கு மேலே எழும்பும் புகைபோக்கிச் சுவருக்குக் கருங்கல் பதிக்க ஆசைப்பட்டார். ஒன்பது கல். ஒவ்வொன்றும் பதினெட்டுக் கிலோ.

"ஆள் பிடிச்சுச் செய்விப்பமே?" என்றாள் அம்மா ராஜேஸ்வரி.

"என்னத்துக்கு? டாவோஸ் ஹோட்டல் குசினியில டைல்ஸ் ஒட்டினது ஆர்?"

அந்தச் சமையலறையில் அப்பா ஒட்டியது ஒரு டைல்ஸ். அதுவும் உள்ளங்கை அளவு.

நல்ல நேரம் ஒன்பது ஐம்பதுடன் முடிகிறது. முதற்கல் ஈசான மூலையில் வைக்கவேண்டும். குங்குமம் வைத்த கல்லில் கால் படக்கூடாது. ஆகவே கூரையோடு ஒட்டி உச்சியில் வைப்பது என்று அப்பா முடிவெடுத்தார்.

"அப்பா, கீழ இருந்து…" என்றாள் ஹரிஷா.

"கீழ இருந்து தொடங்க இது என்ன கக்கூசோ?"

வடை தட்டியதுபோல ஐந்து இடத்தில் பசையை அப்பிக் கல்லை ஒட்டினார். கல் நின்றது. "பாத்தீரோ?" என்று அம்மாவிடம் திரும்பினார். கல் குங்குமப் பொட்டோடு மெல்ல இறங்கத் தொடங்கியது.

வீடு கூட்டும் தும்புத்தடியால் முட்டுக்கொடுத்தார். தடி வளைந்தது. மேசையை இழுத்து, மேலே அரிசி மூட்டையை ஏற்றிக் கல்லுக்கு அண்டை கொடுத்தார். மூட்டை கிழிந்து அரிசி கூடமெல்லாம் பாய்ந்தது. அந்த அரிசியில் வழுக்கிய அப்பா, விழாமலிருக்கக் கல்லையே பிடித்தார். சுவரின் பெயின்ட் தோல் உரிவதுபோல் உரிந்து வந்தது. தோள் உயரத்துக்கு வழுக்கி வந்த கல்லுக்கு ஹரிஷா ஓடிப்போய்த் தோள் கொடுத்தாள். கீழே வைத்தால் கால் படும் என்று அப்பா இறக்க விடவில்லை.

அப்பா தன் கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்தார். "வரதராசா அண்ணை ஒரு ஆளை அனுப்புறாராம். அசையாமல் நில்லு பிள்ளை."

அவள் ஒற்றைக் கையால் கம்பனிக்குச் செய்தி அனுப்பினாள்: 'மன்னிக்கவும். வீட்டில் ஒரு கல்லைத் தாங்கிக்கொண்டு நிற்கிறேன். வர முடியாது.'

பத்து மணி அடித்தது. நான்காவதும் போயிற்று.

பத்தே காலுக்கு அழைப்பு மணி. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழர்.

"வணக்கம், நான் வந்தது…"

"கதையெல்லாம் பிறகு தம்பி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து பிடியும்" என்று அப்பா அவரை உள்ளே இழுத்தார்.

அவர் பிடித்தார். ஹரிஷா தோளை எடுத்தாள். அப்பா மறுபடியும் பசை வாளியைத் தூக்குவதைக் கண்டதும் அவளுக்குள் ஏதோ அறுந்தது. இனி இழக்க என்ன இருக்கிறது?

"அப்பா, வாளியை வையுங்கோ. அண்ணை, கல்லை இறக்குங்கோ."

அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

"ஏன் பிள்ளை இறக்கிறது?" என்றார் வந்தவர்.

"பெயின்ட்டில ஒட்டினால் பெயின்ட்டோட வரும். செங்கல் தெரியுமட்டும் சுரண்டோணும். கீழ மட்டம் பாத்து ஒரு சட்டம் அடிச்சால், மேல வாற கல்லெல்லாம் அதில இருக்கும்."

"பசை மட்டும் போதாதோ?"

"காணாது. ஒவ்வொரு கல்லையும் துருப்பிடிக்காத கம்பிக் கொளுக்கியால சுவரோட பூட்டோணும். பசையும் சூட்டைத் தாங்கிறதா இருக்கோணும். முதுகு முழுக்கப் பூசோணும்."

வந்தவர் தன் வாகனத்திலிருந்து அந்தக் கொளுக்கிகளையும் பசையையும் எடுத்துவந்து, துளைபோடும் இயந்திரத்தில் நீளமான அலகைப் பூட்டி நீட்டினார்.

"என்ன அண்ணை, விளையாடுறியளோ? இது புகை போற குழாயையே ஓட்டையாக்கிப்போடும். வேலைக்கு வாற ஆள் இதுகூடத் தெரியாமலோ வந்தனீங்கள்?"

"பிழைதான்" என்று குட்டை அலகை எடுத்துக்கொடுத்தார்.

அப்பா சுரண்டினார். அம்மா பசை குழைத்தாள். ஹரிஷா ஆணையிட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கீழ்வரிசை மூன்று கற்களும் நேர்கோட்டில் நின்றன. அப்பா ஒன்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

கதவு திறந்தது. வியர்த்துப்போய் வரதராசா வந்தார்.

"குறை நினையாதை சிறீதரன், ஒரு ஆளும் கிடைக்கேல்லை. நானே வந்திட்டன்."

பிறகுதான் பசை அப்பிய கைகளோடு நின்றவரைக் கண்டார்.

"மாஸ்டர், நீங்கள் இஞ்சயோ? பத்து மணிக்கு உங்கட டைல்ஸ் கம்பனியில ஒரு பிள்ளைக்கு நேர்முகம் எண்டியள்?"

வந்தவர் கையைத் துடைத்தார். சட்டைப்பையிலிருந்து, ஹரிஷாவின் முகவரி இருந்த விண்ணப்பத்தோடு மடித்துவைத்த பயிற்சி ஒப்பந்தத்தை எடுத்து அவள் முன்னால் மேசைமேல் விரித்து, பேனாவை அதன்மேல் வைத்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.