முதுகில் விழுந்த எஸ்

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நல்ல காரியத்துக்குப் போகிறவன், பையில் மாற்று வேட்டி ஒன்றும் வைத்திருக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எதையுமே யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது (நான்தான் அதைக் கைவிட்டேன் என்று என் அண்ணன் சொல்லுவார், அவர் பேச்சை விடுங்கள்). ரப்பர் மரத்தில் பால் வெட்டி, லொறியில் மூட்டை ஏற்றி, கடைசியில் யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் சொந்தக் கடை போட்டவன் நான். சிங்களத்திலும் பேரம் பேசுவேன், தமிழிலும் பேசுவேன். இங்கிலீஷில் மட்டும் ஓர் எழுத்தும் தெரியாது. அந்த ஒரு குறைதான் என்னை மல்லாக்கத் தள்ளியது.

இரண்டாயிரத்து நாலு வாக்கில், நான் பிறந்த தோட்டத்தில் ரஞ்சனி என்ற பெண் பாலர் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பழைய பிள்ளைக் காம்பராதான் பள்ளிக்கூடம். கூரைத் தகரம் நான் போட்டது. என் பேத்தி தர்ஷினியைக் கேகாலை டவுன் பள்ளியில் சேர்க்கலாம் என்று மருமகள் சொன்னபோது, "தகரம் போட்டவன் பேத்தி வேற கூரைக்குக் கீழ உக்காருவாளா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன்.

ஆனால் பிள்ளை தினமும் கை நிறைய களிமண்ணோடு வந்தது. ஒருநாள் காகிதம் கிழித்ததாம். இன்னொரு நாள் நூலில் பாசிமணி கோத்ததாம். நேரே போய்க் கேட்டேன்.

"என்ன டீச்சர், இங்கிலீஷ் படிக்க அனுப்பினா மண்ணு பிசஞ்சிக்கிட்டு வருதே?"

"மாமா, முதல்ல விரலுக்குப் பலம் வரணும். அப்பதான் பென்சில் நிக்கும். மண்ணை உருட்டி ஓர் எழுத்து செஞ்சா கை அதை மறக்காதுங்க."

"நான் என்ன மண்ணு பிசஞ்சா கடை வச்சேன்?"

"பால் வெட்டுனீங்களே மாமா. கத்தி பிடிச்சுப் பழகின கைதானே அது?"

இதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அன்று முதல் அந்தப் பள்ளிக்கூடத்தின் பாதி ஆசிரியர் நான்தான் என்ற நினைப்பு வந்துவிட்டது.

தரையில் சோக்குக் கட்டியால் ஆள் உயரத்துக்கு எழுத்துகள் வரைந்திருப்பாள் ரஞ்சனி. பிள்ளைகள் கோடு தப்பாமல் அடி மேல் அடி வைத்து நடந்துகொண்டே அந்த எழுத்தின் சத்தத்தைச் சொல்ல வேண்டும். எஸ் வந்தால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, "ஸ்ஸ்ஸ்" என்று சீறிக்கொண்டு போவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சாயந்தரத்துக்குள் சோக்கு மட்டும் அழிந்துவிடும்.

அப்போதுதான் கேகாலையிலிருந்து அதிகாரி மேடம் ஒருவர் பள்ளியைப் பார்க்க வருகிறார் என்று சேதி வந்தது. அந்தக் காம்பராவை உரம் அடுக்கத் தரும்படி தோட்டத்துத் துரை கேட்டிருந்தார். பிள்ளைகள் ஏதாவது கற்றிருக்கிறார்கள் என்று மேடம் சொன்னால் பள்ளி இருக்கும். இல்லாவிட்டால் என் தகரத்துக்குக் கீழே உர மூட்டை.

விடுவேனா? மேடம் வருவதற்கு முதல் நாள் சாயந்தரம் ஒரு வாளி ரப்பர் பாலோடு போய் நின்றேன். பளிச்சென்று தெரியட்டும் என்று கடையிலிருந்து வேட்டிக்குப் போடுகிற நீலப் பொடியையும் அதில் கரைத்திருந்தேன்.

"சோக்குக் கோட்டு மேல இதை ஊத்துறேன். காலத்துக்கும் அழியாது."

"காயுமா மாமா? மழையா வேற இருக்கே. மெல்லிசா பூசுங்க."

"பாலைப் பத்தி எனக்கே சொல்றியாம்மா?"

முதல் எழுத்துகளை மெல்லிசாகத்தான் பூசினேன். வாசல் பக்கம் கடைசியாக எஸ். வாளியில் பாதிப் பால் மிச்சம். மிச்சம் வைப்பது என் பழக்கத்தில் இல்லை. முழுவதையும் எஸ் தலையில் கொட்டினேன்.

காலையில் காம்பராவைத் திறந்தபோது வந்த வாடை இருக்கிறதே! (பழைய பாலின் வாடை தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.) ஆனால் எழுத்துகள் நீலமாக மின்னின. எஸ்ஸை விரலால் தொட்டேன், மேலே காய்ந்திருந்தது. மேலே மட்டும். தடிப்பாக ஊற்றின பால் மேலே ஆடை கட்டும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பத்து வயதில் தெரிந்த விஷயம் ஐம்பத்தெட்டு வயதில் மறந்துவிட்டது.

மேடம் வந்தார், துரையும் வந்தார். சுவரில் மாட்டிய அட்டையில் ஓர் எழுத்தை மேடம் காட்டி, "மே மொகத?" என்று சிங்களத்தில் இது என்னவென்று கேட்டார். பிறகு இங்கிலீஷிலும் கேட்டார். ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. புது முகத்தைப் பார்த்த பயம். வீட்டில் நாள் முழுக்கத் தொணதொணக்கிற என் பேத்தி, கவுன் நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். ரஞ்சனியின் முகம் வெளுத்துப்போனது. துரை மூட்டை அடுக்கப்போகிற மூலையை அப்போதே கண்ணால் அளந்தார். மேடம் கைப்பையை மூடினார்.

அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. "மேடம், கொஞ்சம் இருங்க! நான் நடந்து காட்டுறேன், பிள்ளைங்க என் பின்னால வரும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, ஏ எழுத்தின் மேல் கால் வைத்தேன். அடி மேல் அடியாக, கையை விரித்துக்கொண்டு, கம்பீரமாக. பிள்ளைகள் யாரும் வரவில்லை. நான் நிறுத்தவுமில்லை.

எஸ்ஸில் கால் வைத்தேன். பாலின் ஆடை கிழிந்தது. கால் வழுக்கியது. கூரைத் தகரம் ஒரு கணம் கண்ணில் பட்டது (நான் போட்டது). பிறகு மல்லாக்க எஸ்ஸின் மேல் கிடந்தேன்.

எழுந்தேன். ரப்பரும் என்னோடு எழுந்தது. தரைக்கும் எனக்கும் நடுவே இழை இழையாக நீண்டு, அறுந்து, சுள்ளென்று என் காலில் அடித்தது. மானத்தோடு வெளியே போய்விடலாம் என்று வாசல் பக்கம் திரும்பினேன்.

அதுதான் நான் செய்த நல்ல காரியம். வெள்ளைச் சட்டையிலிருந்து வெள்ளை வேட்டி வரை, என் முதுகு முழுக்க நீல எழுத்து.

"ஸ்ஸ்ஸ்!" என்றது ஒரு குரல். என் பேத்தி. அடுத்த நொடி பிள்ளைகள் அத்தனையும் "ஸ்ஸ்ஸ்" என்று சீற ஆரம்பித்தன.

"தாத்தா! எஸ் திரும்பி இருக்கு! வாலு அந்தப் பக்கம் போகணும்!" என்று தர்ஷினி கத்தினாள்.

"எனக்கு எங்கடி தெரியுது? அது என் முதுகுல இருக்கு!"

"அப்படியே நில்லுங்க தாத்தா!"

சோக்கை மூன்று விரலில் பிடித்து, என் காலடியில் ஒரே இழுப்பில் சரியான எஸ் ஒன்றை வரைந்தாள். போன வருடம் இதே கைக்குக் கரண்டி நிற்காது. மற்றப் பிள்ளைகள் மிச்ச எழுத்துகளின் மேல் ஓடி, நடந்து, சத்தம் போட்டு, காம்பராவே அதிர்ந்தது. மேடம் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஹரி ஷோக்! ரொம்ப நல்லா இருக்கு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். உரம் வேறு இடத்துக்குப் போனது.

ரஞ்சனி என் பக்கத்தில் வந்து, "மாமா, பள்ளிக்கூடத்தைக் காப்பாத்திட்டீங்க" என்றாள். நான் தலையாட்டினேன். பின்மண்டை முடி சட்டைக் கொலரோடு ஒட்டியிருந்ததால் பாதிதான் ஆட்ட முடிந்தது. அதைத் தேங்காய் எண்ணெய் போட்டுப் பிய்த்த என் மனைவி பாக்கியம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "எழுத்து படிக்கிற வயசாங்க உங்களுக்கு?"

வேட்டி தேறவில்லை. நீலம் போட்டு வெளுக்கிற நிலையைத் தாண்டிவிட்டது.

அன்றிலிருந்து இந்தக் குடும்பத்தில் வெள்ளை வேட்டி கட்டி என்னால் யாருக்கும் முதுகு காட்ட முடிந்ததில்லை. தர்ஷினியின் கலியாணத்தில், பெரிய மனிதன் என்ற முறையில் மணமேடை ஏறி ஆசீர்வாதம் செய்துவிட்டு, எல்லோரும் பார்க்கட்டும் என்று மெதுவாகத் திரும்பி இறங்கினேன். பின்னாலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று கேட்டது.

கழுத்தில் மாலையோடு, மணப்பெண்தான்.